சிடியில் இல்லாத புல்லாங்குழல்

அண்ணன் கொடுத்த சிடியில் புல்லாங்குழல் இல்லை என்று நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எங்கள் குடும்பத்தில் பெரிய சண்டை எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒன்றுகூட அமைதியாக முடிந்ததில்லை.

ஒரு பக்கம் என் கணவர். கால்நடை மருத்துவர். கொட்டாம்பட்டிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், மாட்டுக்கு ஊசி போடப் போன வீடுகளில் பரண்மேல் இசைத்தட்டு கிடப்பதைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கால் நகராது. வீட்டுக்காரர்களும், “எடுத்துக்கிட்டுப் போங்க டாக்டரு, எலிதான் குடியிருக்கு” என்று கொடுத்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவை எங்கள் துணி அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டன. அவற்றைக் கேட்க ஒரு பெட்டி பிளேயர் வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் தட்டு சுழலும் இடம். முன்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர். “மாட்டுக்குப் போடுற ஊசி, தட்டுக்குப் போடுற ஊசி, இதைத் தவிர இவருக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்வேன். அவருக்கு அதில் பெருமைதான்.

இன்னொரு பக்கம் என் அண்ணன். சிங்கப்பூரில் கட்டட வேலை மேற்பார்வையாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் நகையும் போர்வையும் கொண்டுவந்த காலத்தில் அவர் ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும், ஆளுயரத்தில் முக்கால்வாசி இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும், பெட்டி பெட்டியாக சிடிக்களும் கொண்டுவந்தார். திருநகர் வீட்டு மாடி ஹாலில் அவற்றைக் குடியேற்றினார். சிடியை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். நடுவில் விரல் பட்டுவிட்டால், அவருடைய முகம் பாலில் பல்லி விழுந்ததைப் பார்த்தது போல ஆகிவிடும்.

“கீறல் கெடையாது, கரகரப்பு கெடையாது. ஊசி தேஞ்சு போச்சேன்னு ஒப்பாரி வைக்க வேண்டியதில்ல மாப்ள” என்பார் அண்ணன்.

“பாட்டுன்னா மூச்சு விடணும் மச்சான். உங்க சிடி ஆஸ்பத்திரி மாதிரில்ல இருக்கு. சுத்தந்தான், ஆனா குடியிருக்க முடியாது” என்பார் என் கணவர்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. சோழவந்தானில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. கோச்சடையில் பஸ் ஏறினால் இறங்கும்வரை எனக்குப் பாட்டு வேண்டும். அது எதில் வருகிறது என்பது முக்கியமில்லை. இதைப் பார்த்துத்தான் அண்ணன், கையில் கொண்டுபோகிற சிடி பிளேயர் ஒன்றையும், பஞ்சு வைத்த ஹெட்போனையும், எனக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டுகள் அடங்கிய சிடியையும் கொடுத்தார். அந்தச் சிடியில்தான் அந்த ஜோடிப் பாட்டு இருந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும். ஆற்றின் மேல் காற்று போவது போல நீளமாக வந்து, பாடகி வாயைத் திறக்கும் இடத்தில் அப்படியே ஒதுங்கிக்கொள்ளும். கணவரின் தட்டில் நூறு முறை கேட்டிருப்பேன். பஸ்ஸில் முதல் நாள் அந்த இடம் வந்தது. குழல் வரவில்லை. வயலின்கள் மட்டும் யாருக்கோ காத்திருப்பது போல இழுத்துக்கொண்டிருந்தன. பிறகு பாடகி வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். “அண்ணே, உன் சிடியில குழலைக் காணோம்.”

என் கணவர் கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்தார். “கேட்டீங்களா மச்சான்? கரகரப்பைக் கழுவுறேன்னு சொல்லிக் குழலையும் சேத்துக் கழுவிட்டானுங்க!”

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அதே சிடியை மாடி ஹாலில் போட்டார். குழல் தெளிவாக வந்தது. “இந்தா, இது என்னா? ஒங்கப்பன் வீட்டு நாகசொரமா?” என்றார். எங்களுக்கு ஒரே அப்பன் என்பது அவருக்குக் கோபத்தில் மறந்துவிட்டது.

“இங்க இருக்கு. பஸ்ஸுல இல்ல” என்றேன்.

அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். இருக்கிறது என்றார். நான் மாட்டிக் கேட்டேன். இல்லை. கொஞ்ச நாள் கழித்து அது இன்னும் குழப்பமானது. சில நாள் பஸ்ஸில் குழல் வந்தது. ஆனால் அன்றைக்கு வயலின்களைக் காணவில்லை. அதையும் உண்மையாகச் சொன்னேன்.

“சில நாள் வருது, சில நாள் வரலேன்னா? சிடி என்னா டவுன் பஸ்ஸா?” என்று அண்ணன் கத்தினார். புது ஹெட்போன் வாங்கித் தந்தார். அதிலும் அதே கதை. “ஒனக்குக் காது இருக்கா இல்லையா பாப்பா?” என்று ஒருமுறை கேட்டார். எல்லோரும் சிரித்தோம். என் கணவர் மட்டும் தட்டுதான் பொய் சொல்லாது என்பதற்கு என்னையே சாட்சியாக வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

சிடி பிளேயர் போய்ப் போன் வந்தது. என் மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு ஸ்ட்ரீமிங் கணக்கு போட்டுத் தந்தாள். சாதாரணமானது இல்லையாம், உயர்ந்த தரத்தில் வருவதாம். காதுக்குள் நிற்கிற சின்ன இயர்போனும் அனுப்பினாள். “ஸ்டுடியோவுல பதிவு பண்ணுனது அப்படியே வரும்மா. மாமா சிடியெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்க முடியாது” என்றாள். தேடினால் எந்தப் பாட்டும் வந்தது. ஆசையாக அந்த ஜோடிப் பாட்டைப் போட்டேன். மேலக்கால் தாண்டும்போது அந்த இடம் வந்தது. வயலின்கள் காத்திருந்தன. குழல் வரவில்லை. இந்த முறை ஒரு நாள்கூட வரவில்லை.

மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “பொங்கலுக்கு வாரேன். மூணையும் ஒண்ணா வச்சுப் பாத்துருவோம்” என்றாள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பரீட்சை என்று முடிவானது. இடம், அண்ணன் வீட்டு மாடி. என் கணவர் தன்னுடைய பெட்டி பிளேயரைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார். தட்டை முந்தின நாளே கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, விசிறிக்கு நேராகக் காயவைத்திருந்தார். மகள் ஹாலின் குறுக்கே கயிறு கட்டி, அண்ணன் மனைவியான என் மதினியின் பெரிய போர்வையைத் தொங்கவிட்டாள். போர்வைக்கு அந்தப் பக்கம் தட்டு, சிடி, போன் மூன்றையும் அண்ணனுடைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தாள். சத்தம் மூன்றிலும் ஒரே அளவில் இருக்கும்படி வெகுநேரம் திருகினாள். இந்தப் பக்கம் நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். மதினி ஒரு தட்டு நிறையப் பணியாரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, “யாரு தோத்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கணும், கோவிச்சுக்கிட்டுப் போகக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் முறை பாட்டு ஓடியது. தெளிவாக, சுத்தமாக இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இரண்டாவது முறை. ஆரம்பத்திலேயே பொரியரிசி வெடிப்பது போலச் சின்னச் சின்னச் சத்தம். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறையும் சுத்தமாகவே வந்தது.

“சொல்லுங்க” என்றாள் மகள், போர்வைக்குப் பின்னாலிருந்து.

“ரெண்டாவதுதான் தட்டு. இதுல என்னா பரீட்சை?” என்றார் என் கணவர். “அந்தக் கரகரப்புல ஒரு உயிர் இருக்கு பாத்தீங்களா மச்சான்? பாடுறவங்க பக்கத்துல ஒக்காந்திருக்க மாதிரி இருக்கு. போனுக்குள்ள இருந்து இதெல்லாம் வருமா?”

அண்ணன் அவசரப்படவில்லை. “மொதல்ல வந்தது சிடி. என்னா ஒரு சுத்தம். கண்ணாடி மாதிரி. மூணாவதா வந்தது போனு. கொஞ்சம் வெறிச்சுன்னு இருந்துச்சு.”

மகள் போர்வையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவளுக்கு மூக்கு விரிந்திருந்தது. “அப்பா, ரெண்டாவது போனு. யாரோ பழைய தட்டுல இருந்து எடுத்துத்தான் அந்தப் பாட்டை ஏத்தியிருக்காங்க. கரகரப்போட. மாமா, நீங்க கண்ணாடின்னு சொன்னது அப்பாவோட தட்டு. வெறிச்சுன்னு இருந்ததுதான் உங்க சிடி.”

மதினிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் தோளில் ஆரம்பித்து வயிறு குலுங்கி முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவர்களையும் தொற்றிக்கொள்ளும். நான் பணியாரத்தை விழுங்க முடியாமல் புரையேறினேன். என் கணவர் முதலில் முறைத்தார். பிறகு தான் கழுவிய தட்டை மச்சான் கண்ணாடி என்று சொல்லிவிட்டாரே என்பது மெதுவாக உறைத்து, அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன், “சரி மாப்ள, நல்லாத்தான் கழுவியிருக்க” என்று கையை நீட்டினார். தோற்றவர்கள் இரண்டு பேரும் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

“இன்னும் முடியல. அம்மாவோட குழல் இருக்கு” என்றாள் மகள்.

அண்ணனுடைய பெரிய ஹெட்போனை ஆம்ப்ளிஃபயரில் செருகி, என் தலையில் மாட்டினாள். சிடியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். வயலின்கள் காத்திருந்தன. “இல்ல” என்றேன். அவள் வாங்கிக் கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஹெட்போனை இடம் வலமாக மாற்றி என் தலையில் திரும்ப மாட்டினாள்.

குழல் வந்தது. வயலின்கள் போய்விட்டன.

“இதான், இதைத்தான் சொன்னேன். சில நாள் இப்படித்தான் வரும்” என்று உற்சாகமாகச் சொன்னேன். யாரும் உற்சாகமாக இல்லை. மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என் இடது காதின் பொத்தலை விரலால் அழுத்தி மூடினாள். வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னாள். அவள் மூச்சு காதில் பட்டது. சூடாக இருந்தது. சொல் எதுவும் இல்லை.

“என்னா சொன்ன?” என்றேன், அவள் விரலை எடுத்ததும்.

“அம்மா, ஒங்களுக்கு வலது காது கேக்கல.”

வலது காது கொஞ்சம் மந்தம் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு இடது கை மந்தமாக இருப்பது போல அதையும் நினைத்துவிட்டேன். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். வங்கியில் வலப்பக்கம் நின்று பேசுகிறவர்களிடம் மட்டும், “இப்படி முன்னாடி வந்து சொல்லுங்க” என்பேன். என் கணவரின் குறட்டையைப் பற்றி எங்கள் வீட்டில் தங்கிய விருந்தாளிகள் எல்லோரும் காலையில் பேசுவார்கள். எனக்கு மட்டும் அது பெரிதாகத் தெரிந்ததில்லை. இடப்பக்கமாகப் படுத்தால், கேட்கிற காது தலையணைக்குள் போய்விடுகிறது! அந்தப் பாட்டில் குழல் வலப்பக்கமும் வயலின்கள் இடப்பக்கமுமாகப் பிரிந்து வருகின்றன; ஹெட்போனைத் தெரியாமல் மாற்றி மாட்டிய நாளில்தான் எனக்குக் குழல் கேட்டிருக்கிறது. பாயில் உட்கார்ந்தபடியே இதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. “பொன்னுக்கு வீங்கி” என்றார். “நீ ஒண்ணாவது படிக்கிறப்ப வந்துச்சு. கன்னம் ரெண்டும் பூசணிக்கா மாதிரி. அம்மா தன்னோட சங்கிலியைக் கழட்டி ஒன் கழுத்துல போட்டுவிட்டுச்சு. அந்தக் காய்ச்சல்லதான் காது போயிருக்கணும்.” என் வலது காதையே பார்த்தார். “நான் ஒன்னையப் போயி, காது இருக்கா இல்லையான்னு...”

“இருக்குண்ணே. ஒண்ணு இருக்கு” என்றேன். மதினிக்கு மறுபடியும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

அடுத்த நாள் தல்லாகுளத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் வந்தார். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பித்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தக் காதில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சலை விட்டுவிட்டு, வலது காதுக்கு என்றார்கள். நான் பித்தான்மேல் விரலை வைத்துத் தயாராகக் காத்திருந்தேன். வெகுநேரமாயிற்று. கண்ணாடி வழியாக, சோதனை செய்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சுங்கம்மா” என்றாள்.

அது மட்டும் ஒரு கணம் எனக்கு எப்படியோ இருந்தது. எனக்கு அந்தப் பக்கத்தில் என்னென்னவோ சத்தங்கள் வந்து நின்று, நான் கதவைத் திறக்காததால் திரும்பிப் போயிருக்கின்றன என்று தோன்றியது. ஆனால் மருத்துவர் நல்ல மாதிரி. இளம் பெண். நரம்பு சின்ன வயதிலேயே போய்விட்டது, இனி அதற்காகப் பெரிய வைத்தியமெல்லாம் வேண்டாம், இருக்கிற காது வயதுக்கு மீறி நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். “இம்புட்டு வருஷமா எப்படித் தெரியாம இருந்தீங்க?” என்று அவருக்குத்தான் ஆச்சரியம்.

“கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுருச்சே டாக்டர்” என்றேன்.

“குழலைத் தவிர” என்றார் அண்ணன், பின்னாலிருந்து. அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது மகள் என் போனை வாங்கினாள். அதன் உள்ளே எங்கோ போய், இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு காதுக்கும் அனுப்புகிற ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்துப் போட்டாள். “இது உங்கள மாதிரி ஆளுகளுக்குன்னே வச்சிருக்காங்க. நான்தான் இம்புட்டு நாளாப் பாக்கல” என்றாள். இயர்போனில் இடது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். இப்போதே கேட்டுப் பாருங்கள் என்றதற்கு நான் மாட்டேன் என்றுவிட்டேன். சுற்றிலும் அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்க வேண்டாம் என்று இருந்தது.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டேன். வயலின்கள் வந்தன. அவை காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழல் வந்து அவற்றின் நடுவே புகுந்து போக, அவை அதற்கு வழி விட்டுக்கொண்டிருந்தன. அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகு வேறு பாட்டுகள். ஒருத்தி மட்டும் பாடுவதாக நான் நினைத்திருந்த ஒரு தாலாட்டில், ஒவ்வொரு வரி முடிந்ததும் இன்னொருத்தி மெல்ல முனகிப் பதில் சொல்வது இருந்தது. ஒரு கொண்டாட்டப் பாட்டில் யாரோ ஒருவர் பின்னால் நின்று விசிலடித்துக்கொண்டே இருந்தார். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளுக்குள் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரிய ஆரம்பித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வருத்தத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு, “என்னா தாயி, எதும் கெட்ட சேதியா?” என்று கேட்டார். “இல்லக்கா, நல்ல பாட்டு” என்றேன். அவர் நம்பவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “அண்ணே, குழல் இருக்கு.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

“அப்ப என் சிடி மேல போட்ட கேஸை வாபஸ் வாங்கிக்கிறயா?” என்றார்.

அண்ணன் அதோடு விடவில்லை. அன்று சாயங்காலமே தன் ஆம்ப்ளிஃபயரைக் குடைந்து, முகப்பின் ஓரத்தில் இருந்த ஒரு பித்தானைக் கண்டுபிடித்தார். அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுமாம். சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த நாள் முதல் அது எதற்கென்று தெரியாமல் தூசி மட்டும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என் கணவரோ, தன் பெட்டிக்கு ஒரே ஸ்பீக்கர் இருப்பதை வைத்து, “பாத்தியா, என் பிளேயருக்கு ஒன் காதைப் பத்தி மொதல்லயே தெரிஞ்சிருக்கு” என்று எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: வீட்டில் கூட்டமாக இருக்கும்போது தட்டு நன்றாக இருக்கிறது, ஒருவர் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டியிருப்பதால் பேச்சும் நடுவில் ஓய்கிறது. அண்ணன் வீட்டுச் சிடியில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. பஸ்ஸுக்குப் போன்தான்.

மாசி மாதத்தில் எல்லோரும் அழகர்கோவிலுக்குப் போனோம். அண்ணன் கார் ஓட்டினார். என் கணவர் முன்னால். பின்னால் நானும் மதினியும். இப்போது யாரும் சொல்லாமலே எல்லோரும் என் இடப்பக்கமாக வந்துவிடுகிறார்கள். மதினியும் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். என் போனைக் காரோடு இணைத்துத் தாலாட்டைப் போட்டேன். காற்று வழியாகப் போனால் தரம் குறைந்துவிடும், ஒயர் போட வேண்டும் என்று அண்ணன் தொடங்கினார். ஓடுகிற காரில் எந்தத் தரத்தைக் கண்டீர்கள் என்று என் கணவர் மறித்தார். இருவருக்கும் குரல் ஏறியது. இரண்டாவது பெண் முனகும் இடம் வரவே, மதினியின் கையைத் தட்டிக் காட்டினேன். அவர் தலையசைத்துக் கேட்டார். பிறகு, தானும் கூடவே பாட ஆரம்பித்தார். சுருதி எங்கோ போயிற்று. முன்னால் இருந்த இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மதினி நிறுத்தவில்லை, நானும் சேர்ந்துகொண்டேன். மலை தெரிய ஆரம்பித்திருந்தது.